அருகம்புல் கதிரில் ஒட்டியிருக்கும் கரி எது?

வேளச்சேரியில் எங்கள் குடியிருப்புக்குப் பின்னால், பிள்ளைகள் விளையாடும் திடலின் ஓரமெல்லாம் அருகம்புல் தானாகப் படர்ந்து கிடக்கிறது. போன ஜனவரியில், மழை ஓய்ந்து புல் கதிர்விட்ட சமயத்தில், ஒரு மூலையில் இருந்த கதிர்கள் எல்லாம் கன்னங்கரேலென்று நின்றன. யாரோ போட்டோ எடுத்துக் குடியிருப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டார்கள். கொஞ்ச நேரத்தில் மூன்று தீர்ப்பு வந்துவிட்டது. ஒருவர், வண்டிப் புகை படிந்திருக்கிறது என்றார். இன்னொருவர், யாரோ மருந்தடித்துக் கருக்கிவிட்டார்கள் என்றார். வேளாண்மை படித்த தம்பி ஒருவர், "இது கரிப்பூட்டை நோய், அவ்வளவுதான்" என்று முடித்தார்.

முதல் இரண்டும் தப்பு. மூன்றாவது சரி. அந்த "அவ்வளவுதான்" மட்டும் எனக்கு ஒப்பவில்லை. கரிப்பூட்டை என்பது ஒரு நோயின் பெயர் அல்ல, ஒரு பெரிய கூட்டத்தின் பெயர். அந்தக் கூட்டத்தில் 1,500க்கும் மேற்பட்ட பூஞ்சை இனங்கள் இருக்கின்றன. மிகப் பெரிய பங்கு புல் குடும்பத்தைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. "கரிப்பூட்டை" என்று மட்டும் சொல்வது, யார் வந்தது என்று கேட்டால் "ஒரு ஆள்" என்று பதில் சொல்வது போல. எந்த ஆள் என்று கண்டுபிடிப்பது எப்படி என்பதற்குத்தான் இந்தக் கட்டுரை.

தோசைக்கல் கரி அல்ல

தோசைக்கல்லின் அடியில் விரலை இழுத்தால் கறுப்பு ஒட்டும். கரிப்பூட்டை பிடித்த கதிரைத் தொட்டாலும் அதே மாதிரி ஒட்டும். இந்த ஒற்றுமை பலர் கண்ணிலும் பட்டிருக்கிறது. கரிப்பூட்டைகளில் ஒரு பேரினம், அதாவது நெருங்கிய இனங்களின் தொகுதி, உஸ்டிலாகோ. அந்தப் பெயரே "எரித்தல்" என்ற பொருள் கொண்ட லத்தீன் சொல்லிலிருந்து வந்ததுதான். ஆனால் தோசைக்கல் கரி செத்த பொருள். கதிரில் இருக்கும் கறுப்புத் தூளின் ஒவ்வொரு துகளும் உயிருள்ளது, முளைக்கக்கூடியது.

அந்தத் துகளுக்கு டீலியோஸ்போர் என்று பெயர். பூஞ்சை பரவுவதற்காக உருவாக்கும் நுண்ணிய அலகு ஸ்போர். அதில் தடித்த, கருநிறச் சுவர் கொண்டு, வெயிலையும் வறட்சியையும் தாங்கிக் காத்திருக்கும் வகைதான் டீலியோஸ்போர். அருகம்புல் கரிப்பூட்டையில் ஒரு துகளின் அகலம் ஏறக்குறைய 7 மைக்ரான். மைக்ரான் என்றால் ஒரு மில்லிமீட்டரில் ஆயிரத்தில் ஒரு பங்கு. நம் தலைமுடியின் தடிமனில் பத்துத் துகளை வரிசையாக நிறுத்தலாம்.

வாடகைக்கு வந்தவர்

ஒரு வீட்டு மாடியில் ஒருவர் குடிவருகிறார். சத்தமே இல்லை. வாடகை தருவதில்லை, ஆனால் சமையலறையில் இருந்து கொஞ்சம் கொஞ்சமாக எடுத்துச் சாப்பிடுகிறார். வீட்டுக்காரருக்குத் தெரியவே தெரியாது. மகள் கல்யாணத்துக்கு மண்டபம் பிடித்து, பந்தல் போட்டு, இலை விரித்ததும், அத்தனை இலையிலும் இவருடைய சொந்தக்காரர்கள் உட்கார்ந்திருக்கிறார்கள். கரிப்பூட்டை செய்வது ஏறக்குறைய இதுதான்.

டீலியோஸ்போர் ஈரம் கிடைத்ததும் முளைத்து, பசிடியம் என்ற குட்டையான குழலை நீட்டுகிறது. அந்தக் குழலில் இருந்து மிகச் சிறிய செல்கள் கிள்ளிவிட்டது போலப் பிரிகின்றன. இவை ஈஸ்ட் மாதிரி மொட்டுவிட்டுப் பெருகும். தனித்தனியாக இருக்கும்வரை இவற்றால் புல்லுக்கு ஒரு தொல்லையும் இல்லை. பொருத்தமான ஜோடி ஒன்று கிடைத்து இரண்டும் இணைந்தால்தான், அதிலிருந்து கிளம்பும் இழை இளம் தளிருக்குள் நுழைகிறது. பிறகு செடியோடு செடியாக, வெளியே எந்த அடையாளமும் காட்டாமல், வளரும் நுனியைத் தொடர்ந்து போய்க்கொண்டே இருக்கிறது. புல் பூக்கும் நேரம் வந்ததும், பூவுக்குப் போக வேண்டிய சத்தை எடுத்துக்கொண்டு, பூ இருக்க வேண்டிய இடத்தில் லட்சக்கணக்கில் டீலியோஸ்போரை நிரப்பிவிடுகிறது.

"ஆல் போல் தழைத்து, அருகு போல் வேரோடி" என்று மணமக்களை வாழ்த்துவோம். அருகு வேரோடுவது மண்ணுக்கு அடியிலும் மேலேயும் ஓடும் தண்டுகளால். கரிப்பூட்டைக்கு இது ரொம்ப வசதி. உள்ளே ஒருமுறை குடியேறிவிட்டால், அந்தத் தண்டிலிருந்து கிளம்பும் புதுத் தளிர்களுக்குள்ளும் அதுவும் கூடவே போகிறது. வாழ்த்து புல்லுக்குப் பலித்தால் பூஞ்சைக்கும் பலித்துவிடுகிறது. எங்கள் திடலில் ஒரு மூலை மட்டும் கறுத்திருந்ததன் காரணமும் இதுவாகத்தான் இருக்க வேண்டும். புகை படிந்திருந்தால் மூலை பார்த்தா படியும்?

சுருக்கமாக: கறுப்புத் தூள் நோயின் கடைசிக் காட்சி. தொற்று அதற்கு வெகு முன்பே, கண்ணுக்குத் தெரியாமல் நடந்து முடிந்துவிட்டது.

கறுப்பாக இருப்பதெல்லாம் அதுவல்ல

புல்லில் கறுப்பைக் கண்டதும் முதலில் ஒரு விரல் சோதனை செய்து பாருங்கள். இலையின் மேல் கறுப்புப் படலம் இருந்து, ஈரத் துணியால் துடைத்ததும் அடியில் பச்சை தெரிந்தால், அது பூச்சிகள் விட்ட இனிப்புத் திரவத்தின் மேல் வளர்ந்த மேற்பூச்சுப் பூஞ்சை. கறுப்புப் புள்ளி பளபளவென்று, கெட்டியாக, தார் சொட்டினது போல இலையில் பதிந்து, தேய்த்தாலும் தூள் வராவிட்டால் அது வேறொரு இலைப்புள்ளி நோய். ஆரஞ்சு, செம்பழுப்புத் தூள் என்றால் துரு நோய்.

ஏமாற்றுவதில் பலே ஆள் ஒன்று உண்டு. சோளம், கம்பு, காட்டுப்புற்கள் சிலவற்றில் தேன் ஒழுகல் நோய் வரும். பூவிலிருந்து பிசுபிசுப்பான திரவம் சொட்டும். அந்தத் திரவத்தைத் தின்பதற்கென்றே செரிபெல்லா என்று ஒரு பூஞ்சை வருகிறது. கறுப்பாக, மூளை மடிப்பு போலச் சுருண்டு, பூவின் மேல் உட்கார்ந்துகொள்ளும். பார்த்த மாத்திரத்தில் கரிப்பூட்டை என்றுதான் தோன்றும். நானே ஒரு முறை கொழுக்கட்டைப்புல்லில் இப்படி ஒன்றைப் பார்த்து, கரிப்பூட்டை என்று உறையில் எழுதி, இரண்டு மாதம் பெருமையோடு வைத்திருந்தேன்.

நெல்லில் வரும் நெற்பழ நோயும் இந்த வரிசையில்தான். மணி இருக்க வேண்டிய இடத்தில் மஞ்சளாகவோ கரும்பச்சையாகவோ வெல்வெட் உருண்டை. நல்ல விளைச்சல் வரும் வருடத்தில் அதிகம் தெரிவதால் லட்சுமி நோய் என்றுகூடச் சொல்வார்கள். ஆங்கிலத்தில் அதைப் பொய்க் கரிப்பூட்டை என்கிறார்கள். காரணம் இருக்கிறது: அதை உண்டாக்கும் பூஞ்சை வேறு வம்சம். உண்மையான கரிப்பூட்டைகள் காளான்களுக்குத் தூரத்துச் சொந்தம். நெற்பழப் பூஞ்சை தேன் ஒழுகல் பூஞ்சைக்குச் சொந்தம்.

முதலில் புல்லின் பெயர்

கரிப்பூட்டையை அடையாளம் காண விரும்புகிறவர் முதலில் பார்க்க வேண்டியது பூஞ்சையை அல்ல, புல்லை. பெரும்பாலான கரிப்பூட்டைகள் வீடு மாறாதவை. ஒரு புல் இனம், அல்லது நெருங்கிய சில இனங்கள், அதைத் தாண்டிப் போகாது. அருகம்புல்லில் இருப்பது பக்கத்து வயல் நெல்லுக்குத் தாவிவிடும் என்று பயப்பட வேண்டியதில்லை. புல்லின் பெயர் உறுதியானால் 1,500 பேர் கொண்ட பட்டியல் பெரும்பாலும் ஐந்தாறு பேராகச் சுருங்கிவிடும்.

இங்கேதான் பலர் சறுக்குவார்கள். பள்ளிக்கரணைச் சதுப்புநிலப் பக்கம் போனால் கோரையைப் புல் என்றே சொல்வோம். தாவரவியலில் அது புல்லே அல்ல, தனிக் குடும்பம். தண்டை விரலிடையே உருட்டிப் பாருங்கள்: கோரைத் தண்டு பெரும்பாலும் முக்கோணமாக இடறும், புல் தண்டு உருண்டையாக இருக்கும். கோரைக் குடும்பத்துக்கு சின்ட்ராக்டியா போன்ற தனிக் கரிப்பூட்டைகள் உண்டு. கோரையைப் புல் என்று எழுதிவிட்டால் அப்புறம் எந்தப் புத்தகத்தைப் புரட்டினாலும் விடை கிடைக்காது.

இன்னொரு சிக்கல்: கதிர் முழுக்கக் கறுத்த புல்லைப் பறித்து வந்துவிட்டால், அது எந்தப் புல் என்று சொல்ல உதவும் பூவே மிஞ்சியிருக்காது. ஆகவே பக்கத்திலேயே நிற்கும் நோயில்லாத கதிர் ஒன்றையும் சேர்த்து எடுக்க வேண்டும்.

எங்கே உட்கார்ந்திருக்கிறது, எப்படி?

புல் தெரிந்துவிட்டது. ஆனால் ஒரே புல்லுக்கு ஒன்றுக்கு மேற்பட்ட கரிப்பூட்டை வரலாம். நம் சோளத்தையே எடுத்துக்கொள்ளுங்கள், அதற்கு நான்கு இருக்கின்றன. ஒன்றில் கதிரின் மணிகள் தனித்தனியே சாம்பல் நிறப் பையாக மாறி, பை கிழியாமல் அறுவடைவரை நிற்கும். இரண்டாவதில் பை சீக்கிரமே கிழிந்து தூள் பறந்துவிடும், செடியும் குட்டையாக இருக்கும். மூன்றாவதில் அங்கொன்றும் இங்கொன்றுமாக மட்டும் நீண்ட, வளைந்த கொம்புகள். நான்காவதில் கதிர் மொத்தமும் ஒரே கட்டியாகிவிடும். பயிர் ஒன்று, தூளின் நிறமும் ஏறக்குறைய ஒன்று. உட்கார்ந்திருக்கும் விதம் நான்கு.

இந்த உட்காரும் இடத்துக்கு, அதாவது ஸ்போர்கள் திரண்டு நிற்கும் பகுதிக்கு, சோரஸ் என்று பெயர். சோரஸ் கதிரில் இருக்கலாம், சூல்பையில் மட்டும் இருக்கலாம், இலையில் நீளக் கோடுகளாக இருக்கலாம், தண்டின் கணுக்களுக்கிடையே தண்டைச் சுற்றிப் படிந்திருக்கலாம். சில சமயம் தண்டையே வீங்கவைக்கும். சீனாவில் காட்டுநெல் வகை ஒன்றின் தண்டு கரிப்பூட்டையால் வீங்கும். உள்ளே தூள் உருவாவதற்கு முன்பே வெட்டிக் காய்கறியாகச் சமைக்கிறார்கள். மெக்சிகோவில் மக்காச்சோளக் கரிப்பூட்டையின் கட்டி விருந்துச் சாப்பாடு. நம் ஊரில் யாரும் முயன்று பார்க்க வேண்டாம். எது எதுவென்று தெரிந்தவர்கள் செய்யும் வேலை அது.

சோரஸை ஒரு கைலென்ஸ் வைத்துப் பார்த்தால் மூன்று கேள்விக்கு விடை கிடைக்கும். மேலே போர்வை உண்டா? சுட்ட கத்திரிக்காயின் தோல் போல மெல்லிய சவ்வு மூடியிருக்கலாம். நடுவே குச்சி உண்டா? ஊதுபத்தியைப் போல, நடுவில் ஒரு தண்டும் அதைச் சுற்றிக் கறுப்புமாக இருக்கும். அந்த நடுத்தண்டுக்குக் காலுமெல்லா என்று பெயர். தூள் உதிரியா, உருண்டையா? உதிரிப் பொரி போலத் தனித்தனி ஸ்போர்களாகக் கொட்டலாம், பொரி உருண்டை போலப் பல ஸ்போர்கள் சேர்ந்தே நிற்கலாம்.

கரும்புத் தோட்டக்காரர்களுக்கு இதில் பெரும்பகுதி சொல்லாமலே தெரியும். கரும்புக் கரிப்பூட்டை பிடித்தால் குருத்திலிருந்து கறுப்புச் சாட்டை ஒன்று நீளும், சில சமயம் ஒரு மீட்டருக்கும் மேல். இளசாக இருக்கும்போது வெள்ளி நிறச் சவ்வு மூடியிருக்கும், அது கிழிந்ததும் தூள் பறக்கும், கடைசியில் நடுத்தண்டு மட்டும் மிஞ்சும். ஆற்றோர நாணலும் கரும்புக்குப் பங்காளிதான், அதே பேரினம். இதே சாட்டை அதிலும் வரும்.

அருகம்புல்லுக்கு வருவோம். கதிர்க்காம்புகள் ஒவ்வொன்றும் கறுத்து, மெலிந்து, தூள் பூசினது போல நிற்கும். உருண்டைகள் இல்லை, உதிரித் தூள்.

இதுவரை: எந்தப் புல், எந்த உறுப்பு, போர்வை, நடுத்தண்டு, உதிரியா உருண்டையா. இவ்வளவுக்கும் வெறுங்கண்ணும் பத்து மடங்கு பெருக்கும் கைலென்ஸும் போதும்.

கடுகு, பலா, கிர்ணி

அடுத்தது நுண்ணோக்கி. என்னிடம் இருப்பது ஒரு கல்லூரி கழித்துக்கட்டிய பழைய சாமான். 400 மடங்கில் அளவும் நிறமும் நன்றாகத் தெரியும், சுவரின் மேல் வேலைப்பாடு தெரிய 1,000 மடங்கு வேண்டும்.

சுவரின் வேலைப்பாட்டைப் பழக்கடையை நினைத்துக்கொண்டு பார்த்தால் சுலபம். சில ஸ்போர் கடுகு மாதிரி வழவழப்பு. சில பலாப்பழம் போல முள். சில சீத்தாப்பழம் போல மேடு மேடாக. சிலவற்றில் கிர்ணிப்பழத் தோல் போல வலைப்பின்னல். அருகம்புல்லின் கரிப்பூட்டை கடுகு ஜாதி, வழவழப்பு. கரும்பின் கரிப்பூட்டையில் மிக நுண்ணிய முட்கள். டில்லேஷியா என்ற பேரினத்தின் ஸ்போர்கள் மற்றவற்றோடு ஒப்பிட்டால் பூதங்கள், 30 மைக்ரானுக்கு மேலேகூடப் போகும், முள்ளோ வலையோ தெளிவாகத் தெரியும். அதில் சில இனங்கள் மீன் நாற்றமும் அடிக்கும். யூரோசிஸ்டிஸ் என்ற பேரினத்தில் இரண்டு மூன்று கருத்த ஸ்போர்களைச் சுற்றி வெளிறிய, முளைக்காத செல்கள் வேலி கட்டியிருக்கும். ஒருமுறை பார்த்தால் மறக்காது.

ஸ்போர் முளைக்கும் விதமும் ஒரு சாட்சி. 1847இல் டுலான் சகோதரர்கள் என்ற பிரெஞ்சுக்காரர்கள் கரிப்பூட்டைகளை இரண்டு குடும்பமாகப் பிரித்தது இதை வைத்துத்தான். ஒரு குடும்பத்தில் பசிடியம் ரயில் பெட்டிபோல அறைகளாகத் தடுக்கப்பட்டு, பக்கவாட்டில் செல்களை விடும். மற்றதில் தடுப்பே இருக்காது, உச்சியில் துடைப்பம் போல ஒரு கொத்து கிளம்பும்.

பழைய நம்பர், புது நம்பர்

சென்னையில் வீடு தேடி அலைந்தவர்களுக்கு ஒரு அனுபவம் இருக்கும்: வாசலில் பழைய எண் 14, புது எண் 31. வீடு அதேதான், ஆளும் அதேதான். கரிப்பூட்டை உலகிலும் இதே கதை. கரும்புக் கரிப்பூட்டையின் பழைய எண் உஸ்டிலாகோ சிட்டாமினியா. 2002 முதல் புது எண் ஸ்போரிசோரியம் சிட்டாமினியம். மக்காச்சோளத்தினுடையது உஸ்டிலாகோ மேடிஸ் என்று புகழ்பெற்றது. 2016க்குப் பிறகு அதை மைகோசார்கோமா மேடிஸ் என்றும் எழுதுகிறார்கள்.

விஞ்ஞானிகளுக்கு வேறு வேலை இல்லையா என்று கேட்கத் தோன்றும். எனக்கும் தோன்றியிருக்கிறது. ஆனால் காரணம் நியாயமானது. வகைப்பாடு என்பது தோற்றத்தில் ஒத்தவர்களை ஒரே அறையில் போடுவதல்ல, சொந்தக்காரர்களை ஒரே அறையில் போடுவது. நடுத்தண்டு இருந்தால் ஸ்போரிசோரியம், இல்லாவிட்டால் உஸ்டிலாகோ என்று சௌகரியமாகப் பிரித்து வைத்திருந்தார்கள். டி.என்.ஏ.வைப் படிக்க ஆரம்பித்ததும் கோடு கலைந்துவிட்டது. ஒரே மாதிரி உடை போட்டவர்கள் எல்லோரும் ஒரே குடும்பம் இல்லை என்று தெரிந்தது.

இதன் உச்சம் மைக்ரோபோட்ரியம். சில பூச்செடிகளின் மகரந்தப் பையில் புகுந்து, மகரந்தத்துக்குப் பதில் கருநிறத் தூளை நிரப்பும். நூறாண்டுக்கும் மேலாகக் கரிப்பூட்டை என்றே அழைக்கப்பட்டது. செல்லின் நுண்ணமைப்பையும் டி.என்.ஏ.வையும் பார்த்தபோது அது துரு நோய்ப் பூஞ்சைகளின் சொந்தக்காரர் என்று தெரிந்து, 1990களில் அந்தப் பக்கம் மாற்றிவிட்டார்கள். ஆக, கரிப்பூட்டை என்பது ஒரு வாழ்க்கை முறையின் பெயர். வெவ்வேறு குடும்பங்கள் தனித்தனியே அதற்கு வந்து சேர்ந்திருக்கின்றன.

எதிர்ப்பக்கமும் உண்டு. அண்டார்டிகாவில் கண்டெடுத்த ஒரு ஈஸ்ட், அதன் கொழுப்பை உடைக்கும் நொதிக்காகத் தொழிற்சாலைகளில் கேண்டிடா அண்டார்டிகா என்ற பெயரில் பிரபலம். டி.என்.ஏ.வைப் பார்த்தால் அது மோசியோமைசீஸ் பேரினம். கம்பின் கரிப்பூட்டையும் அதே வீடுதான். தனியாகத் திரியும் ஈஸ்ட் பருவத்தை ஒரு பெயரிலும், புல்லைப் பிடிக்கும் பருவத்தை இன்னொரு பெயரிலும் வைத்திருந்ததால் சொந்தம் தெரியாமலே இருந்துவிட்டது.

இப்போது வழக்கமாகப் படிப்பது ஐ.டி.எஸ். என்ற சிறு டி.என்.ஏ. பகுதி. 2012இல் அதைப் பூஞ்சைகளுக்கான பொது பார்கோடாக முன்வைத்தார்கள். பார்கோடு வந்தாலும் கைலென்ஸ் ஓய்வுபெறவில்லை: ஒப்பிட்டுப் பார்க்க, சரியாகப் பெயரிட்ட பழைய மாதிரி எங்காவது ஒரு காகித உறையில் இருந்தாக வேண்டும். இந்தியக் கரிப்பூட்டைகளை முண்ட்கர், திருமலாச்சார் என்ற பூஞ்சை ஆய்வாளர்கள் தொகுத்து வெளியிட்டது 1952இல். அந்த மாதிரி உழைப்பின் மேல்தான் இன்றைய டி.என்.ஏ. வேலை நிற்கிறது.

காட்டுப்புல்லைப் பார்த்து என்ன ஆகப்போகிறது?

1931இல் ஹரியானாவின் கர்னாலில் கோதுமை மணிகளில் புதிய கரிப்பூட்டை ஒன்று பதிவானது. டில்லேஷியா இண்டிகா என்று பெயர். ஊர்ப் பெயரால் கர்னால் பன்ட் என்பார்கள். இது இருக்கும் நாட்டிலிருந்து கோதுமை வாங்கப் பல நாடுகள் தயங்கும். 1996இல் அமெரிக்காவின் அரிசோனாவில் அதைக் கண்டுபிடித்ததும் தனிமைப்படுத்தல், தடை, நாடு முழுக்கச் சோதனை என்று களேபரமாகிவிட்டது. அந்தச் சோதனையில் அரிசோனாவுக்கு வெகுதூரம் தள்ளி, தென்கிழக்கு மாநிலக் கோதுமையிலும் அதே மாதிரி ஸ்போர்கள் கிடைத்தன. ஆனால் அந்த வயல்களில் நோய் பிடித்த கோதுமை மணியே அகப்படவில்லை.

விடை களையில் இருந்தது. கோதுமையோடு கலந்து வளரும் ரைகிராஸ் என்ற புல்லுக்கு இதே பேரினத்தில் வேறொரு கரிப்பூட்டை. அதன் ஸ்போர்தான் கோதுமையோடு சேர்ந்து வந்திருக்கிறது. சராசரி அளவு கொஞ்சம் சிறியது, சுவரின் முட்கள் தடித்து இடைவெளி விட்டு நிற்கும். 1999இல் அதற்கு டில்லேஷியா வாக்கரி என்று தனிப் பெயர் கொடுத்தார்கள். ஒரு களைப்புல்லின் கரிப்பூட்டையை யாரும் சரியாகப் பார்த்து வைக்காததால், கோடிக்கணக்கில் பணம் புரளும் ஒரு வியாபாரம் பதறிப்போனது.

எடுத்து வைப்பது

ஆசை வந்துவிட்டால் தொடங்குவது சுலபம். கறுத்த கதிர் இரண்டு, நல்ல கதிர் ஒன்று, இலையோடு தண்டு கொஞ்சம். பிளாஸ்டிக் கவர் கூடாது. சென்னைப் புழுக்கத்தில் இரண்டே நாளில் வேறு பூஞ்சை வந்து எல்லாவற்றையும் தின்றுவிடும். பழைய நாளிதழுக்கு நடுவே வைத்து, மேலே கனமான புத்தகம் ஏற்றி, தினமும் தாளை மாற்றுங்கள். காய்ந்ததும் காகித உறை. தேதி, இடம், புல்லின் பெயர், எந்த உறுப்பில் இருந்தது என்று அன்றைக்கே எழுதிவிட வேண்டும். மூக்கருகே வைத்து ஊதிப் பார்க்காதீர்கள். அவ்வளவு மெல்லிய தூள் நுரையீரலுக்குள் போக வேண்டிய அவசியமில்லை.

திடல் ஓரத்துக் கதிரையும் இப்படித்தான் எடுத்து வைத்தேன். உதிரித் தூள், 7 மைக்ரான், வழவழப்பான சுவர். வேளாண்மைத் தம்பி படிக்கட்டில் பார்த்தபோது, "என்ன பேர் அண்ணே வந்துச்சு?" என்று கேட்டார். உஸ்டிலாகோ சைனோடான்டிஸ் என்றேன். உறையின் மேல் "அருகம்புல், வேளச்சேரி" என்பதைப் பேனாவால் எழுதியிருக்கிறேன். பூஞ்சையின் பெயரை மட்டும் பென்சிலால்.